கிளாரா டீச்சரின் தபால்



யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியில் புழங்கிய நீல நிற நூறு மார்க் நோட்டை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். முன்பக்கத்தில் ஓர் இளம்பெண்ணின் முகம். நடுவகிடெடுத்துப் படிய வாரிய கூந்தல், எதிரில் நிற்பவரை எடைபோடுகிற பெரிய கண்கள். பின்பக்கத்தில் ஒரு பியானோவும் ஒரு கல்லூரிக் கட்டடமும். அந்தப் பெண் கிளாரா ஷூமன். அந்தக் கல்லூரி, அவர் பாடம் சொல்லிக்கொடுத்த ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து ஹோக் கன்சர்வேட்டரி. மகாராணியோ மந்திரியோ இல்லை, ஒரு பியானோ டீச்சர்! சங்கீத டீச்சர் ஒருவரின் முகம் நம்மூர் ரூபாய் நோட்டில் வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துபாருங்கள்.

இது இசைச் சிறப்பிதழ். நம் வித்வான்களையும் விதுஷிகளையும் பற்றி உள்ளே நிறையவே இருக்கிறது. ஆசிரியர் பக்கத்தை மட்டும் கிளாராவுக்கு ஒதுக்கிக்கொண்டேன். கொஞ்ச நாட்களாக, ப்ரூஃப் பார்த்து முடித்த இரவுகளில், ஆங்கிலத்தில் வந்திருக்கும் அவருடைய கடிதங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். உங்களை விட்டால் எனக்கு வேறு யார்?

கிளாரா என்றதும் ஊருலகம் சொல்வது ஒரே கதைதான். கணவர் ராபர்ட் ஷூமன், பெரிய இசையமைப்பாளர், மனநோய்க்கு ஆளானவர். அவர் மருத்துவமனையில் கிடக்கும்போது வீட்டுக்கு வந்துபோன இளைஞர் யோஹன்னஸ் பிராம்ஸ், அவரும் பெரிய இசையமைப்பாளர், கிளாராவைவிடப் பதினான்கு வயது இளையவர். இருவருக்கும் இடையே என்னதான் இருந்தது? நாவலும் சினிமாவும் இந்த ஒரு கேள்வியை வைத்தே காலம் தள்ளிவிட்டன. நானும் அந்த ஆவலோடுதான் புத்தகத்தைப் பிரித்தேன், மறைப்பானேன். ஆனால் இருபது முப்பது கடிதங்கள் போனதும் அந்தக் கேள்வி எங்கோ பின்னால் போய்விட்டது. ரயில் நேரம், கச்சேரி வருமானம், வீங்கிய மணிக்கட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, நேற்று வந்துசேர்ந்த புதுப் பாடலில் பிடிக்காத இரண்டு சுரங்கள் என்று தபால்பை முழுக்க வேலை, வேலை, வேலை. குடும்பத்தைத் தன் பத்து விரல்களால் காப்பாற்றிய ஒரு தொழிற்கலைஞரின் கடிதங்கள் அவை. அப்படிப் படித்தால்தான் அவை பேசுகின்றன.

பிறந்தது 1819 செப்டம்பர் 13, லைப்சிக் நகரில். அப்பா ஃப்ரீட்ரிக் வீக், பியானோ கற்றுக்கொடுப்பவர், பியானோ விற்பவர். மகளை உலகம் மெச்சும் மேதையாக்கிக் காட்டுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டவர். அம்மா பாடகி. கணவரோடு ஒத்துப்போகாமல் பிரிந்துபோனார். பிள்ளைகள் அப்பாவுக்குத்தான் என்பது அந்நாளைய சட்டம். ஆகவே ஐந்து வயதில் கிளாரா அம்மாவை விட்டு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நாலு வயது தாண்டியும் அந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்திருக்கவில்லை. காது கேட்கவில்லையோ என்றுகூட வீட்டில் சந்தேகப்பட்டார்களாம்.

1827இல் வீக் மகளுக்கு ஒரு நாட்குறிப்பு தொடங்கினார். அங்கேதான் வேடிக்கை. எழுதுவது அப்பா, ஆனால் மகள் எழுதுவதுபோல ‘நான்’ என்றே எழுதினார். மகள் பிடிவாதம் பிடித்தாலும், சாதகத்தில் அசட்டையாக இருந்தாலும், அவளே ஒப்புக்கொள்வதுபோல அதில் பதிந்துவைப்பார். கொஞ்சம் வளர்ந்ததும் தன் தொழில் கடிதங்களை அவள் கையால் நகலெடுக்க வைத்தார். மண்டபம் பிடிப்பது, பியானோ வரவழைப்பது, டிக்கெட் அடிப்பது, பணத்தை எண்ணி வாங்குவது எல்லாம் அந்தப் பெண்ணுக்குப் பாடத்தோடு பாடமாக வந்துவிட்டது. பிற்காலத்தில் ஐரோப்பா முழுக்கத் தன் கச்சேரிகளைத் தானே ஏற்பாடு செய்ததற்கு இந்தப் பயிற்சிதான் காரணம். கொடுமைக்கார அப்பா என்று வீக்கைத் திட்டுவது சுலபம். நானும் திட்டுவேன். ஆனால் அந்த அப்பா போட்ட அஸ்திவாரத்தில்தான் அந்த மகள் எழுபது வயதுவரை நின்றாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒன்பது வயதில் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் முதல் மேடை. பன்னிரண்டு வயதில் வைமாரில் முதிய கவிஞர் கோதேயின் முன் வாசிப்பு. பதினாறு வயதில் தானே எழுதிய பியானோ கான்செர்ட்டோ, இசையமைப்பாளர் மெண்டல்சோன் வாத்தியக் குழுவை நடத்த. பதினெட்டில் வியன்னா, அரசவைக் கலைஞர் என்ற பட்டம். இதெல்லாம் கலைக்களஞ்சியத்தில் கிடைக்கும், நான் வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

கடிதங்கள் சூடு பிடிப்பது 1837இல். 1830 முதல் வீக்கிடம் பாடம் கற்று, அந்த வீட்டிலேயே தங்கியும் இருந்த மாணவர் ராபர்ட் ஷூமன். பெண் கேட்டார். கிளாராவின் பதினெட்டாம் பிறந்தநாளன்று கேட்டார் என்றால் அந்தத் துணிச்சலைப் பாருங்கள். வீக் கொதித்துப்போனார். அதன்பின் மூன்று வருடம் காதல் முழுக்க நண்பர்கள் கைமாறிப் போன தபாலில்தான் நடந்தது. அந்தக் கடிதங்களில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. காதலில் மூழ்கிக் கிடக்கும் பதினெட்டு வயதுப் பெண் காதலனுக்கு என்ன எழுதுவாள்? கிளாரா, குடும்பம் நடத்தப் போதிய வருமானம் உண்டா என்று கேட்கிறாள். சோற்றுக் கவலையில் கிடந்தால் கலையை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கிறாள். ராபர்ட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்பா சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்று நினைத்தார். எனக்கென்னவோ அந்தக் கூட்டத்தில் நாளைய சமையலைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றுகிறது.

1839இல் அப்பாவின் துணையில்லாமல் பாரிஸ் போனார். அங்கிருந்தபடியே திருமணத்துக்கு அனுமதி கேட்கும் மனுவில் கையெழுத்திட்டார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. வருங்கால மாப்பிள்ளை குடிகாரர் என்று வீக் குற்றம் சாட்டினார். எடுபடவில்லை. 1840 செப்டம்பர் 12, லைப்சிக்கை ஒட்டிய ஷோனஃபெல்ட் கிராமத்துத் தேவாலயத்தில் கல்யாணம். மறுநாள் பொழுது விடிந்தால் கிளாராவுக்கு இருபத்தொரு வயது. ஒரு நாள் பொறுத்திருந்தால் சட்டத்தின் தயவே வேண்டியிருக்காது என்பார்கள். வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

கல்யாணமான மறுநாளே கணவனும் மனைவியும் ஒரு பொது நாட்குறிப்பு தொடங்கினார்கள். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் இவர். ஞாயிற்றுக்கிழமை கைமாற்ற வேண்டும். எழுதாமல் விட்டால் தண்டனை உண்டு. நேரில் சொல்ல முடியாததை அதில் எழுதிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கிளாரா எழுதியதில் திரும்பத் திரும்ப வருவது ஒரு மனக்குறை. ராபர்ட் இசையமைக்கும்போது வீட்டில் சத்தம் கூடாது, சுவர்களோ மெல்லியவை. ஆகவே கிளாராவின் பியானோ மூடிக் கிடக்கும். ஒரு மணி நேரம்கூடச் சாதகத்துக்குக் கிடைக்காத நாட்கள் வரும். அதைச் சண்டையாக எழுதவில்லை, தன் வாசிப்பு பின்னுக்குப் போகிறதே என்ற கவலையாகத்தான் எழுதினார். அதைப் படித்துவிட்டு ராபர்ட்டும் வருந்தினார். வருந்திவிட்டு அடுத்த சிம்ஃபொனியை எழுத உட்கார்ந்தார்! இந்த இடத்தில் நம் வாசகிகள் பலருக்குச் சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் இருக்கும்.

எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு பிள்ளை கைக்குழந்தையாகவே போய்விட்டது. நடுவே டென்மார்க், ரஷ்யா என்று கச்சேரிப் பயணங்கள். 1849 மே மாதம் டிரெஸ்டனில் கலகம் வெடித்தபோது, கணவரையும் மூத்த மகளையும் முதலில் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு இரவில் வயல்வெளி வழியே நடந்துவந்து மற்ற மூன்று குழந்தைகளையும் மீட்டுக்கொண்டு போனார். கிளாராவின் வாழ்க்கையை நான்கு பேருக்கு நான்கு நிமிடத்தில் சொல்லச் சொன்னால் நான் இந்த ஒரு இரவை மட்டும் சொல்வேன்.

1853 இலையுதிர்காலத்தில் ட்யூஸல்டார்ஃப் வீட்டுக் கதவைத் தட்டினார் இருபது வயது பிராம்ஸ். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1854 பிப்ரவரி 27 அன்று ராபர்ட் வீட்டைவிட்டு வெளியேறி ரைன் நதியில் குதித்தார். படகுக்காரர்கள் காப்பாற்றினார்கள். சில நாட்களில் பான் நகரை அடுத்த எண்டெனிக் மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டார். மனைவியைப் பார்த்தால் நோய் கூடும் என்று டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கும் மேல் அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. செப்டம்பரில் முதல் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் கடைசிக் கடிதம். நடுவில் வந்தவற்றை விரல் மடக்கி எண்ணிவிடலாம்.

ராபர்ட்டை இல்லத்தில் சேர்த்தபோது கிளாரா கர்ப்பிணி. அந்த ஆண்டு ஜூன் மாதம் கடைசிப் பிள்ளை ஃபெலிக்ஸ் பிறந்தான். நண்பர்கள் உதவிக் கச்சேரி நடத்திப் பணம் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், கை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். அக்டோபரில் பச்சைக் குழந்தையைத் தாதியிடம் விட்டுவிட்டு ஊர் ஊராக வாசிக்கக் கிளம்பினார்.

பிராம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக் கணக்கு எழுதினார். ராபர்ட் வருடக்கணக்காக எழுதிவந்த வரவுசெலவு நோட்டில் அவர் விட்ட இடத்திலிருந்து பிராம்ஸின் கையெழுத்து தொடர்கிறது. வாடகை, வேலைக்காரர் சம்பளம், தபால் செலவு எல்லாம். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். எந்தக் குழந்தைக்குப் பல் முளைத்தது, எது அடம்பிடித்தது என்று அம்மாவுக்குத் தபால் எழுதினார். காதல் கடிதம் என்று உலகம் தேடுகிற கட்டுக்குள் பாதிக்கு மேல் இந்தச் செய்திகள்தான். அவற்றில் காதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. தன்னைவிட மூத்த ஒரு பெண்ணின் கணவர் பைத்தியக்கார விடுதியில் கிடக்க, இருபத்தோரு வயதுப் பையன் ஒருவன் அந்த வீட்டு ரொட்டிக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதிவைத்ததற்கு நீங்கள் என்ன பேர் வைத்தாலும் எனக்குச் சம்மதமே.

1856 ஜூலை 27 அன்றுதான் கிளாராவுக்குக் கணவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. இரண்டரை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு. இரண்டு நாள் கழித்து ராபர்ட் இறந்தார். அந்த நேரத்தில் கிளாரா, வயலின் கலைஞர் யோவாகிமை அழைத்துவர ரயில் நிலையம் போயிருந்தார்.

அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிராம்ஸும் செய்துகொள்ளவில்லை. இருவரும் வெவ்வேறு ஊரில் இருந்தபடி தபாலில் வாழ்ந்தார்கள். பிராம்ஸ் எதை எழுதினாலும் கையெழுத்துப் பிரதி முதலில் போவது கிளாராவுக்கு. அவர் வாசித்துப்பார்த்து, இந்த இடம் நன்றாக இருக்கிறது, அந்த இடம் இழுபறியாக இருக்கிறது என்று எழுதுவார். சிலசமயம் பிராம்ஸ் திருத்துவார், சிலசமயம் முரண்டு பிடிப்பார். கிளாராவுக்கு முகத்துக்கு நேரே பேசித்தான் பழக்கம். லிஸ்ட், வாக்னர் இருவரின் இசையும் அவருக்கு அறவே பிடிக்காது. அதைப் பட்டும் படாமலும் சொல்லத் தெரியாமல் கடிதத்திலும் நாட்குறிப்பிலும் விளாசித் தள்ளியிருக்கிறார். நியாயமா என்றால் இல்லை. படிக்கச் சுவையாக இருக்கிறதா என்றால், ரொம்ப.

இந்தத் தபாலில் என் மனசுக்குப் பிடித்த ஒரு சம்பவம். 1877 ஜூன். ஆஸ்திரியாவின் பேர்ட்ஷாக் என்ற ஏரிக்கரை ஊரில் பிராம்ஸ் கோடை விடுமுறையில் இருக்கிறார். பாஹ் தனி வயலினுக்கு எழுதிய சாக்கோன் என்ற பாடலை எடுத்து, பியானோவில் இடதுகை மட்டும் வாசிக்கும்படி மாற்றி எழுதுகிறார். ஏன் இடதுகை மட்டும்? ஒற்றை வயலினில், நான்கே தந்தியில், அந்தக் கலைஞன் படுகிற பாட்டைப் பியானோ வாசிப்பவனும் பட வேண்டும் என்கிறார். இரண்டு கையாலும் வாசித்தால் அது சுலபமாகிவிடும், அந்தத் தவிப்பு போய்விடும். எழுதியதைக் கிளாராவுக்கு அனுப்புகிறார். கிளாரா அப்போது வட ஜெர்மனியில் கீல் நகருக்குப் போயிருக்கிறார். வந்து இறங்கிய அன்றே ஒரு மேசை இழுப்பறையைத் திறக்கப்போய் வலது கையில் தசைநாண் பிடித்துக்கொண்டு, பியானோ பக்கமே போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த வேளை பார்த்துத் தபாலில் வருகிறது, இடதுகைக்கென்றே ஒரு பாடல்! பிராம்ஸுக்கு இழுப்பறை விஷயம் தெரியவே தெரியாது. இப்படியொரு காரியம் உங்களுக்குத்தான் தோன்றும் என்று கிளாரா வியந்து பதில் போட்டார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. 1868 தொடக்கத்தில் பிராம்ஸ் ஒரு வேண்டாத கடிதம் எழுதினார். ஊர் சுற்றி வாசிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்களேன் என்று. சொன்னது அக்கறையில்தான். ஆனால் கிளாராவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மேடை அவருக்குச் சம்பாத்தியம், மேடை அவருக்கு மூச்சு. என் வாசிப்பு தேய்ந்துவிட்டது என்கிறாயா என்று கேட்காமல் கேட்டார். மாதக்கணக்கில் உறவு கசந்து கிடந்தது. செப்டம்பரில் கிளாராவின் பிறந்தநாளுக்கு ஆல்ப்ஸ் மலையிலிருந்து ஒரு வாழ்த்து வந்தது. மேய்ப்பர்கள் ஊதும் நீண்ட கொம்பு வாத்தியத்தின் மெட்டு ஒன்றைச் சுரத்தோடு எழுதி, கீழே இரண்டு வரி வாழ்த்து. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1876 நவம்பரில் கார்ல்ஸ்ரூவில் பிராம்ஸின் முதல் சிம்ஃபொனி அரங்கேறியது. அதன் கடைசிப் பகுதியில், வாத்தியங்கள் எல்லாம் இருண்டு புரண்டுகொண்டிருக்கும்போது, சட்டென்று திரை விலக்கினாற்போல் ஹார்ன் ஒன்று எழும்பும். அந்த மெட்டேதான்.

இனி டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். 1878இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹோக் கன்சர்வேட்டரி தொடங்கியது. யோசஃப் ஹோக் என்ற நகரவாசி எழுதிவைத்துவிட்டுப் போன சொத்தில் எழுந்த இசைக்கல்லூரி. முதல் இயக்குநர் யோவாகிம் ராஃப். பியானோவுக்குத் தலைமை ஆசிரியராகக் கிளாராவை அழைத்தார். அப்போது கிளாராவுக்கு ஐம்பத்தொன்பது வயது ஆகப்போகிறது. சரி சொல்வதற்குமுன் தன் நிபந்தனைகளை எழுதி அனுப்பினார். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம்தான் பாடம். பாடம் என் வீட்டில் நடக்கும். வருடத்தில் நான்கு மாதம் விடுமுறை. கச்சேரிக்குப் போக வர யாரையும் கேட்க மாட்டேன். அத்தனைக்கும் ராஃப் ஒப்புக்கொண்டார். அப்பா நகலெடுக்க வைத்த தொழில் கடிதங்கள் வீண்போகவில்லை!

இதில் ஒரு நகைப்பு. பெண்களை ஆசிரியராக வைப்பதில்லை என்பது ராஃபின் கொள்கை. அப்படியானால் கிளாரா அம்மையார் எப்படி என்று கேள்வி வந்தபோது, அவரை நான் ஆண்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன் என்றாராம். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார் மனிதர்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் கிளாராவுக்கு மிலியுஸ் தெருவில் 32ஆம் எண் வீடு. மாணவர்கள் நேரே கிளாராவிடம் போய்விட முடியாது. முதலில் மகள்கள் மரீயும் யூஜெனியும் கையைப் பழக்குவார்கள். தேறியவர்கள்தான் பெரிய டீச்சரின் அறைக்குள் நுழையலாம். மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருக்க ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்க வேண்டும், அதுவும் பாடம்தான். வேகம் காட்டினால் டீச்சருக்குப் பிடிக்காது. கடகடவென்று ஓடும் இடங்களிலும் ஒவ்வொரு சுரமும் பாட வேண்டும். கட்டையை அடிக்கக் கூடாது, விரலால் அழுத்தி ஒலியை வரவழைக்க வேண்டும். எழுதியவர் என்ன எழுதினாரோ அதை வாசி, உன் சாமர்த்தியத்தை அதன்மேல் பூசாதே. கிளாராவின் இந்தப் பிடிவாதத்தால்தான் பியானோ கச்சேரி என்பது சர்க்கஸ் வித்தையிலிருந்து விலகி, பெரியவர்களின் படைப்புகளை மனனமாக, மரியாதையோடு வாசிக்கும் காரியமாக மாறியது என்று இசை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இதைச் சாதித்தவர் என்று இன்னும் சிலரையும் சொல்வார்கள். என் ஓட்டு கிளாராவுக்கு.

ஒரு சின்னச் செய்தி, நம் சங்கீதம் தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும். எழுதியதை மட்டும் வாசி என்ற அதே கிளாரா, மேடையில் ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் நடுவே, வரப்போகிற பாடலின் சாயலைக் காட்டும்படி அப்போதைக்கப்போது மனோதர்மமாகச் சிறிது வாசிப்பார். அந்தக் காலத்து வழக்கம் அது. ஏறக்குறைய நம் ஆலாபனை போல. மகள்கள் வற்புறுத்தியதன் பேரில் கடைசிக் காலத்தில் அவற்றில் சிலவற்றைத் தாளில் எழுதிவைத்தார். எழுத்தில் பிடிக்க வராது என்று சலித்துக்கொண்டேதான் எழுதினார்.

இந்தப் பேராசிரியர் வாழ்க்கையை நிம்மதியான முதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். மகள் ஜூலி 1872இல் இறந்தார். சேதி வந்த அன்று மாலை ஒப்புக்கொண்ட கச்சேரியைக் கிளாரா வாசித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். மகன் லுட்விக் மனநல விடுதியில். கவிதை எழுதிய கடைக்குட்டி ஃபெலிக்ஸ் காசநோயால் 1879இல் போனான். அவன் கவிதைகள் சிலவற்றுக்குப் பிராம்ஸ் மெட்டமைத்தார். இன்னொரு மகன் ஃபெர்டினாண்ட் போருக்குப் போய், வலிக்குக் கொடுத்த மார்ஃபினுக்கு அடிமையானார். அவர் குடும்பமும் பாட்டியின் பொறுப்பிலேயே வந்து சேர்ந்தது. பிராம்ஸ் பணம் தர முன்வந்தபோது கிளாரா முதலில் மறுத்தார். பேரப்பிள்ளைகளுக்காக என்று சொல்லி அனுப்பியபோதுதான் வாங்கிக்கொண்டார்.

கிளாராவின் தேகமும் ஒத்துழைக்கவில்லை. கைவலியால் 1870களில் ஒரு வருடத்துக்கு மேல் மேடையேறவே முடியவில்லை. பின்னால் காதும் தகராறு செய்தது. ஆனாலும் 1891 மார்ச் வரை மேடையில் வாசித்தார், 1892 வரை பாடம் சொன்னார். கணவரின் படைப்புகள் முழுவதையும் பதிப்பித்தார். அதில்தான் பிராம்ஸோடு கடைசிப் பெரிய சண்டை. ராபர்ட்டின் டி மைனர் சிம்ஃபொனியின் பழைய வடிவத்தைப் பிராம்ஸ் அச்சேற்றியது கிளாராவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கிழங்களும் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டார்கள். மறுபடி சமாதானம் ஆனதும் பிராம்ஸ் பழையபடி புதுப் பாடல்களை அனுப்பத் தொடங்கினார். 1893 கோடையில் போன சிறிய இண்டர்மெட்ஸோ ஒன்றைக் கிளாரா சாம்பல் நிற முத்து என்று எழுதினார். சரியான வருணனை. கேட்டுப்பாருங்கள், மேலே பளபளப்பு கிடையாது, உள்ளே ஒளி.

இத்தனைக்கும் நமக்குக் கிடைத்திருப்பது முழுத் தபாலே அல்ல. 1887 வாக்கில் பிராம்ஸ் ஒரு யோசனை சொன்னார். என் கடிதங்களை நீங்கள் தாருங்கள், உங்கள் கடிதங்களை நான் தருகிறேன். மூன்றாம் மனிதர் கையில் சிக்க வேண்டாம். கிளாரா மனமில்லாமல் சம்மதித்தார். பிராம்ஸ் தனக்குத் திரும்பி வந்த கடிதங்களில் பலவற்றை அழித்துவிட்டார். கிளாராவும் தனக்குத் திரும்பி வந்ததை அழிக்கத் தொடங்கினார். மகள் மரீ கையைப் பிடித்துத் தடுத்தார். அந்த மகள் தடுத்திராவிட்டால் இன்று படிக்க எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. பெர்தோல்ட் லிட்ஸ்மன் என்ற அறிஞர் குடும்பத்தின் சம்மதத்தோடு மூன்று பாகத்தில் வாழ்க்கை வரலாறு எழுதினார். பிறகு 1927இல் கிளாரா–பிராம்ஸ் கடிதங்களை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

அழிக்காமல் கிளாரா பொத்திப் பொத்தி வைத்துக்கொண்ட வேறொன்று இருக்கிறது. ஒன்பது வயது முதல் எழுபத்தொன்று வரை வாசித்த கச்சேரிகளின் அச்சிட்ட நிகழ்ச்சிநிரல்கள். ஏறக்குறைய 1,300 தாள்கள், வரிசை எண் போட்டு அடுக்கியவை. ராபர்ட் பிறந்த ஊரான ஸ்விக்காவில், அவர் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இப்போதும் இருக்கின்றன. தன்னைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியாதா? பேசுவதைப் பேசட்டும், நான் செய்த வேலைக்குக் கணக்கு இதோ என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

1896 மே 20 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் காலமானார். சேதி கேட்டு ஆஸ்திரியாவின் இஷ்லிலிருந்து கிளம்பிய பிராம்ஸ், ரயில் மாறுவதில் குளறுபடியாகி, ஒன்றரை நாளுக்கு மேல் அலைந்து, பான் நகரில் ராபர்ட்டின் அருகே கிளாராவை அடக்கம் செய்யும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரும் போய்விட்டார்.

கிளாராவின் வாசிப்பு எந்தப் பதிவிலும் இல்லை. பிராம்ஸாவது 1889இல் எடிசனின் ஆட்கள் கொண்டுவந்த மெழுகு உருளையில் கரகரவென்று கொஞ்சம் வாசித்துவைத்தார். கிளாராவுக்கு அதுவும் இல்லை. ஆனால் அவருடைய மாணவிகள் பதிந்திருக்கிறார்கள். ஃபேனி டேவிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1880களில் மிலியுஸ் தெரு வீட்டில் பாடம் கேட்டவர், 1928இல் ராபர்ட் ஷூமனின் பியானோ கான்செர்ட்டோவை இசைத்தட்டில் வாசித்திருக்கிறார். அடெலினா டி லாரா எண்பது வயதை ஒட்டி வாசித்த பதிவுகளும் உண்டு. இரைச்சல் இருக்கும், கிரீச்சென்று கேட்கும். பத்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் காது பழகிவிடும். ஓடும் இடங்களிலும் ஒவ்வொரு சுரமும் பாடுகிறதா என்று கவனியுங்கள்.

இருவரின் பதிவுகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கேட்டுவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் கிளாராவைப்போல முகத்துக்கு நேரே எழுதிவிடுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்